விதைநெல்லும் கணக்கேடும்

(உழவர் சங்க நிர்வாகிகளுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

முன்யோசனையுள்ள குடியானவர் விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைப்பதில்லை. ஒரு பங்கைத் தம் வீட்டிலும் மற்றொரு பங்கை உடன்பிறந்தார் வீட்டிலும் வைப்பார். ஒரு வீட்டில் எலி புகுந்தாலும் தீப்பற்றினாலும் அடுத்த போகத்திற்கு விதை வேண்டுமே என்ற கவலைதான் காரணம். நெல்லுக்குக் காட்டும் இந்த முன்யோசனையை நம் சங்கத்தின் கணக்குக்கும் காட்டுகிறோமா என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய பொருள்.

நம் வட்டாரத்தைச் சேர்ந்த உழவர் சங்கமொன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை முதலில் சொல்லி விடுகிறோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கே கணக்குகள் யாவும் ஒரே கணினியில் இருந்தன. காப்புப் பிரதிக்கென ஒரு ஹார்டு டிஸ்க்கும் வாங்கியிருந்தார்கள். ஆனால் அது எந்நேரமும் அதே கணினியில் செருகப்பட்டே கிடந்தது. கோடை மழை பெய்த ஓர் இரவில் இடி விழுந்தது. மின்கம்பி வழியே வந்த தாக்குதலில் கணினியும் போயிற்று. அதனுடன் இணைந்திருந்த ஹார்டு டிஸ்க்கும் போயிற்று. உறுப்பினர்களின் பங்குத் தொகைக் கணக்கும், அவர்கள் போட்ட நிலக்கடலைக்குச் சேர வேண்டிய பாக்கிக் கணக்கும் ஒருங்கே அழிந்தன.

ரசீதுகளைத் திரட்டிக் கணக்கை மீண்டும் எழுத நான்கு மாதமாயிற்று. ரசீது வைத்திருந்தோர் தம் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். வைத்திராதவர்களுள் கணவரை இழந்த அம்மையார் ஒருவர் இருந்தார். தாம் 11 மூட்டை கடலை போட்டதாக அவர் சொன்னார். 6 மூட்டைக்கு மட்டுமே எடைச்சீட்டு அகப்பட்டது. "நான் பொய் சொல்லுவேனா, ஐயா?" என்று அவர் கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று அங்கிருந்த அனைவரும் நம்பினோம். ஆயினும் சீட்டு இல்லாத மூட்டைக்குப் பணம் கொடுக்கச் சட்டதிட்டத்தில் இடமில்லை. 6 மூட்டைக்குரிய தொகையை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார்.

இதில் நம் குற்றமும் உண்டு. அதற்கு முந்திய ஆண்டு அச்சங்கத்தைப் பார்வையிட்ட குழுவில் நாமும் இருந்தோம். பார்வைப் படிவத்தில் 'காப்புப் பிரதி உண்டா?' என்றொரு கேள்வி இருந்தது. மேசைமேல் ஹார்டு டிஸ்க்கைக் கண்டோம்; 'உண்டு' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அதிலிருந்து ஒரு கணக்கை எடுத்துக் காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. இதைக் கழற்றி வேறு வீட்டில் வையுங்கள் என்றும் சொல்லவில்லை.

நிற்க. காப்புப் பிரதியை வேறு இடத்தில் வைப்பதற்கு இக்காலத்தில் கிளவுட் என்றும் மேகக் கணிமை என்றும் சொல்லப்படும் ஒரு வசதி ஏற்பட்டிருக்கிறது. பெயர்தான் மேகமே தவிர, அது வானத்தில் இருப்பதன்று. பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி, இரவும் பகலும் மின்சாரமும் குளிர்ச்சியும் கொடுத்துக் காத்து, அவற்றில் இடத்தை வாடகைக்கு விடும் தொழிலே அது. அமேசான் நிறுவனம் 2006 மார்ச்சில் எஸ்3 என்ற பெயரில் இத்தகைய சேமிப்பிட வாடகையைத் தொடங்கிற்று. 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் அதன் நிலையங்கள் ஏற்பட்டன. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் டிராக்டர் வாங்குவதில்லை. மணிக்கு இவ்வளவென்று வாடகை கொடுத்து உழுது கொள்கிறார். அவ்வாறே, கணினிக் கூடம் கட்டப் பணமில்லாதவரும் தமக்கு வேண்டிய அளவு இடத்தை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்தலாம்.

இவ்வாறு எழுந்த தொழிலுக்கு நம் நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2008-ஆம் ஆண்டு புனே நகரில் ஜஸ்பிரீத் சிங், மிலிந்த் போராட்டே, ரமணி கோதண்டராமன் ஆகிய மூவர் சேர்ந்து துருவா என்ற புத்தொழில் நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் நிதி நிறுவனங்களுக்கான தரவு மென்பொருளில் கருத்தைச் செலுத்தியவர்கள், பின்னர் எல்லாத் தொழில்களுக்கும் காப்புப் பிரதி எடுத்துத் தரும் பணிக்குத் திரும்பினர். பிரதிகளை வைக்கத் தமக்கென மாளிகை கட்டாமல் அமேசானின் இடத்தையே வாடகைக்குக் கொண்டனர். பின்னர் தலைமையிடத்தை அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்கு மாற்றிக்கொண்ட இந்நிறுவனம், 2019-இல் 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புடையதாகக் கணிக்கப்பட்டது.

வாடகை இடத்தை நாமே நேரே எடுத்துக்கொள்ளலாமே, நடுவில் ஒரு நிறுவனம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெறும் கிடங்கை வாடகைக்கு எடுப்பது வேறு. மூட்டையை எடைபோட்டு, கணக்கெழுதி, பூட்டி, கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் ஆளை அமர்த்துவது வேறு. இத்தகைய நிறுவனங்கள் செய்யும் வேலை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதை நான்காகப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, மாற்றத்தை மட்டும் அனுப்புதல். முதல் முறை கணக்கு முழுவதும் போக வேண்டும். 100 ஜிகாபைட் தரவை நொடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அனுப்ப ஏறத்தாழ 22 மணி நேரமாகும். நாள்தோறும் இப்படிச் செய்ய இயலுமா? ஆகவே மறுநாள் முதல், திருத்தப்பட்ட பகுதிகள் மட்டும் அனுப்பப்படுகின்றன.

இரண்டாவது, ஒரே பொருளை இருமுறை வைக்காமை. ஒரே சுற்றறிக்கை 40 பேருடைய கணினியில் இருந்தால், 40 பிரதியும் போவதில்லை. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, இது இந்த 40 பேருக்கும் உரியது என்று குறிப்பெழுதிக் கொள்கிறார்கள். இடமும் மிச்சம், வாடகையும் மிச்சம்.

மூன்றாவது, மறையாக்கம். கணினியை விட்டுத் தரவு புறப்படும்போதே, திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி அது மாற்றப்படுகிறது. வழியில் எவரேனும் கைப்பற்றினாலும் அவருக்குப் பொருள் விளங்காது.

நான்காவது, பல நாட்களின் பிரதிகளைத் தனித்தனியே வைத்திருத்தல். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் என்னும் தீநிரலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளைத் தாக்கிற்று. நேற்றைய பிரதி ஒன்று மட்டும் இருந்தால், அந்தப் பிரதியிலும் நோய் ஏறியிருக்கலாம். சென்ற வாரத்துப் பிரதியும் சென்ற மாதத்துப் பிரதியும் இருந்தால் நோயற்ற நாளுக்குத் திரும்பலாம்.

எஸ்3 சேமிப்பகம் எவ்வளவு உறுதியானது என்பதை அமேசான் ஓர் உதாரணத்தால் விளக்குகிறது. ஒரு கோடிப் பொருள்களை அதில் வைத்தால், 10,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு பொருள் கெடலாம் என்னும் கணக்கில் அது அமைக்கப்பட்டிருக்கிறதாம். இதைக் கேட்டவுடன் நம் கவலை தீர்ந்தது என்று சிலர் எண்ணி விடுவர். அவ்வாறு எண்ணலாகாது. யந்திரம் கெடாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கணக்கு. மனிதர் அழித்தால், திறவுகோல் திருடர் கைக்குப் போனால், அந்தக் கணக்கு உதவாது.

கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனம் பிறருடைய மென்பொருள் நிரல்களை அமேசானின் இடத்தில் வைத்துக் காத்து வந்தது. 2014 ஜூனில் ஒரு திருடன் அதன் நிர்வாகக் கணக்குக்குள் புகுந்து பணம் கேட்டான். நிறுவனத்தார் கணக்கை மீட்க முயன்றதும், உள்ளே இருந்தவற்றை அழிக்கத் தொடங்கினான். காப்புப் பிரதிகளும் அதே திறவுகோலுக்குள் இருந்தமையால் அவற்றுள்ளும் பெரும்பாலானவை அழிந்தன. அந்த நிறுவனம் தொழிலையே மூட நேர்ந்தது. நம் சங்கத்தில் ஹார்டு டிஸ்க் கணினியிலேயே செருகிக் கிடந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கிட்லேப் என்ற மற்றொரு நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஊழியர் ஒருவர் தவறுதலாக ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவை அழித்துவிட்டார். அங்கே ஐந்து வகைக் காப்பு முறைகள் இருப்பதாக எல்லாரும் நினைத்திருந்தனர். எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறொரு காரியத்திற்காகத் தற்செயலாக எடுத்து வைத்த பிரதி ஒன்றுதான் அவர்களைக் காத்தது. தவறு நடந்ததை அவர்கள் மறைக்காமல் உலகறியச் சொன்னார்கள் என்பதைப் பாராட்ட வேண்டும்.

நிர்வானிக்ஸ் என்னும் கிளவுட் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் தொழிலை நிறுத்தப்போவதாக அறிவித்து, தரவை எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு முதலில் ஏறத்தாழ இரண்டு வாரமே தவணை கொடுத்தது. அரசாங்கங்களும் தவறுக்கு விலக்கல்ல. தென் கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்து வைத்த 858 டெராபைட் தரவு, வேறிடத்தில் பிரதி இல்லாமையால் அழிந்தது. தொழில் நுட்பத்தில் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இவ்வாறு நேருமானால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

ஆகவே, வாடகைக்கு இடமும் அமர்த்த ஆளும் கிடைப்பதால் நம் பொறுப்பு நீங்கி விடுவதில்லை. பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும். அதன் திறவுகோலும் வேறாக இருக்க வேண்டும். அதிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இம்மூன்றும் இருந்தால்தான் அது காப்பு.

சங்கத்தின் சார்பில் இத்தகைய சேவையை அமர்த்துமுன் நிர்வாகிகள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள. பிரதி எந்த ஊரில், எந்த நாட்டில் வைக்கப்படும்? ஒருவர் அழித்துவிட்டால் அழித்ததை எத்தனை நாள் வரை மீட்கலாம்? திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா, எத்தனை மணி நேரம் பிடிக்கும்? மிகக் குறைந்த வாடகையுள்ள சில சேமிப்பு வகைகளில் வைத்ததைத் திரும்பப் பெற 12 மணி நேரம் முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம். நிறுவனம் மூடப்பட்டால் நம் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவார்கள்? இவற்றுக்கு விடைகளை எழுத்தில் பெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.

திறவுகோலாகிய கடவுச்சொல்லை ஒருவரிடம் மட்டும் விடாதீர்கள். காரியதரிசி ஒருவரும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் அறிந்திருக்க வேண்டும். காரியதரிசி மாறும்போது பணப்பெட்டிச் சாவியை எப்படிக் கையொப்பமிட்டு ஒப்படைக்கிறோமோ, அப்படியே இதையும் ஒப்படைத்துப் புதிய கடவுச்சொல் வைக்க வேண்டும்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய எளிய விதி ஒன்று உண்டு. மூலத்துடன் சேர்த்து மூன்று பிரதிகள். இரண்டு வகைச் சாதனங்கள். அவற்றுள் ஒன்று வேறிடத்தில். பெரிய கட்டணம் கொடுக்க இயலாத சிறு சங்கமும் இதைச் செய்யலாம். இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் வாங்கி, ஒன்றில் பிரதி எடுத்தவுடன் கழற்றி, கடவுச்சொல் இட்டு, வேறு தெருவிலுள்ள உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பெட்டியில் வையுங்கள். அடுத்த வாரம் மற்றதில் எடுத்து மாற்றி வையுங்கள். வசதி வரும்போது கிளவுட் சேவையையும் சேர்த்துக் கொள்ளலாம்.

ஊராட்சி மன்றத்தாருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட இ-கிராம்சுவராஜ் போன்ற அரசாங்கத் தளங்களில் பதியும் கணக்குகளையும் பொதுமக்களின் ஆதார் முதலிய விவரங்களையும் நாமாக எந்தத் தனியார் சேவையிலும் ஏற்றலாகாது. அவற்றுக்குத் துறையின் ஆணைப்படியே நடக்க வேண்டும். இன்று நாம் சொன்னவை சங்கங்களும் குழுக்களும் உழவர் நிறுவனங்களும் தம் சொந்தக் கணக்குக்குச் செய்ய வேண்டியவை.

முடிவாக ஒன்று. அந்த அம்மையாருக்குச் சேர வேண்டிய 5 மூட்டைக் கடலைக்குரிய பணத்தை எந்த நிறுவனத்தாலும் இனித் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்படியொரு நிலை மற்றொருவருக்கு வராமல் தடுக்க நம்மால் இயலும். இனி நாம் எந்தச் சங்கத்தைப் பார்வையிட வந்தாலும் 'காப்புப் பிரதி உண்டா?' என்று கேட்கப் போவதில்லை. உறுப்பினர் பட்டியலில் ஏதேனும் ஒரு பெயரைச் சொல்வோம். அவருடைய சென்ற மாதக் கணக்கைப் பிரதியிலிருந்து எடுத்து நம் கண்முன் காட்டுங்கள் என்போம். காட்டினால்தான் 'உண்டு' என்று எழுதுவோம். நாம் வரும்வரை காத்திராமல், மாதந்தோறும் குழுக் கூட்டத்தன்று நீங்களே இதைச் செய்து பார்த்துத் தீர்மானப் புத்தகத்தில் குறித்து வையுங்கள்.