சுடுதண்ணீர் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

மார்கழி பிறந்துவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல கீசர் மெக்கானிக் நம்பர் இருக்கிறதா?" என்று தினமும் ஒருவர் கேட்பார். நான் எலக்ட்ரீஷியன் இல்லை; வங்கியில் கணக்கு எழுதியவன். இந்தப் போர் தண்ணீரோடும் மூன்று கீசர்களோடும் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் கீசருக்கு ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். ஐந்தாவது நிமிடமே குழாயைத் திறந்தால் அது கீசரின் குற்றம் இல்லை. வோல்டேஜ் 190க்கு இறங்கினால் சூடாக்கும் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அன்றைக்கு அரை மணி காத்திருக்க வேண்டியதுதான்.

எவ்வளவு நேரம் போட்டாலும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதா? ஸ்விட்சை அணைத்து, கீசருக்குள் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்தால் ஏதோ ஒரு மிக்சர் வழியாகப் பச்சைத் தண்ணீர் கலக்கிறது. அதற்குப் பிளம்பர் போதும். இது தெரியாமல் நான் நல்ல தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் புதிது போட்டேன்!

கொஞ்சமும் சூடாகவில்லை என்றால் உள்ளே இருக்கும் கட்அவுட் விழுந்திருக்கலாம். மெக்கானிக் வந்து பட்டனை அமுக்கிவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். ஏன் விழுந்தது என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கலாம், காயிலில் சுண்ணாம்பு ஏறியிருக்கலாம். நம் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை காயிலையும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்வது நல்லது.

இப்போது என் முட்டாள்தனம். கீசர் ஓடும்போது அடியிலுள்ள சேஃப்டி வால்வு சொட்டிக்கொண்டே இருந்தது. துணி உலரும் இடம் நனைகிறதென்று வீட்டில் சத்தம். நான் எம்சீல் வைத்து அடைத்துவிட்டேன். வேறு வேலைக்கு வந்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, முதலில் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். "சார், நீங்க குண்டு செஞ்சு வச்சிருக்கீங்க" என்றார். 15 லிட்டர் தண்ணீர் சூடாகும்போது ஏறத்தாழ 200 மில்லி பெருகும். அது வெளியே வர அந்த வழிதான். தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் கைவிட்டால் டேங்க் வெடிப்பதைத் தடுக்க அந்தச் சின்ன வால்வைத் தவிர வேறொன்றும் இல்லை. சொட்டினால் ஒரு சின்ன டியூப் மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். கீசர் ஓடாதபோதும் சொட்டினால் வால்வை மாற்றுங்கள்.

கடைசியாக ஆர்சிசிபி. கீசர் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போகிறதென்றால், பெரும்பாலும் காயில் ஓட்டையாகித் தண்ணீரில் மின்சாரம் கசிகிறது. ட்ரிப்பர் தன் வேலையைச் செய்கிறது. "ஆர்சிசிபியை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன் சார்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈரத்தில், வெறுங்காலோடு நிற்பது நம் வீட்டுக் குழந்தைகள்.

இன்றைக்கே வீட்டுக்குப் போய் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாத வீடுகள், அந்தப் பெட்டியே இல்லாத வீடுகள், பிளாட் எண்ணைச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பது அந்தப் பட்டனில் தெரியாது. அதையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஆளை எல்லா வீட்டுக்கும் வரச் சொல்லலாம்.