ஓய்வு நாள் விருந்து
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்பது யாரும் இரங்கிப் போட்ட பிச்சை அன்று. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை. அந்த நாளில் வாய்க்கு ருசியாக உண்பதும் நம் உரிமையே. அதைக் கைவிடச் சொல்ல நாம் வரவில்லை. திட்டமிட்டு உண்போம் என்று சொல்லவே வந்தோம்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் வியாதி இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். முன்பு நம் பெற்றோர் கூடை சுமந்து மலைச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்தார்கள். இன்று கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. நடை குறைந்தது, தட்டில் சோறு குறைந்ததா?

நாமும் இதற்கு விலக்கல்ல. கிராணி வேலை நாற்காலி வேலை. சோதனையில் இனிப்பு கூடியிருப்பது தெரிந்ததும், திங்கள் முதல் வெள்ளி வரை நாக்கைக் கட்டினோம். சனி மாலை கட்டு அறுந்தது. இரவுச் சந்தையில் பொரித்த காளான், சாக்லேட்டில் தோய்த்த ஸ்ட்ராபெரி. ஞாயிறு பசியாற ரொட்டி சானாய், பகலில் பிரியாணி, மாலையில் பலகாரம். திங்களன்று மறுபடியும் நோன்பு! ஐந்து நாள் சேமிப்பை இரண்டு நாளில் அழிக்கும் குடும்பம் உருப்படுமா? பேரேடு எழுதும் நமக்கே இந்தக் கணக்கு விளங்க மூன்று மாதம் ஆயிற்று.

ஆகவே இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெள்ளி இரவே குடும்பத்தோடு உட்கார்ந்து, இந்த வார விருந்து எது என்று முடிவு செய்கிறோம். விருந்து ஒரு வேளைதான். பிரியாணி என்றால் சந்தைப் பலகாரம் அடுத்த வாரம். பிள்ளைகளுக்கும் ஒரு முறை தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. விருந்துக்காகக் காலையில் பட்டினி கிடப்பதில்லை. பசித்த வயிறு அளவு அறியாது. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ முறை விருந்துக்கும் பொருந்தும்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ, பாதி காய்கறியும் பழமும். காய்கறி விளையும் மலையில் இதற்கா பஞ்சம்?

தேநீரையும் கணக்கில் எழுதுங்கள். ஒரு மேசைக் கரண்டி கெட்டிப்பாலில் சுமார் 10 கிராம் சீனி. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று கோப்பை என்றால் 60 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சாதாரணமாகப் பெரியவருக்குச் சொல்லும் வரம்போ 50 கிராம். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாம் பறிக்கும் கொழுந்தில் சீனி இல்லை, தோழர்களே, ஊற்றுவது நாமே!

மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். சோதனை செய்யாதவர்கள் இந்த மாதமே கிளினிக்குக்குச் செல்லுங்கள். காலில் ஆறாத புண் வந்தால் வேலை போகும், சம்பளம் போகும், காலே போகவும் கூடும். சங்கம் சம்பள உயர்வு வாங்கித் தரலாம். இழந்த காலை வாங்கித் தர முடியாது.

பால்மரக் காட்டுத் தோழர்களுக்கும் இதுவே நம் வேண்டுகோள். போராடிப் பெற்ற ஓய்வு நாளை மகிழ்ச்சியாக உண்டு கழிப்போம், அளவோடு உண்போம்.