இரத்தப் புற்றுநோயும் விறகுக்கட்டு அணுவும்



தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களைத் தேடி வரும் பெற்றோர், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்த நோயைப் பற்றியும் கேட்பார்கள். "ஐயா, மூத்தவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்கிறார்கள். குரோமோசோமில் கோளாறாம். இது எங்கள் பரம்பரையில் உள்ளதா? மற்றப் பிள்ளைகளுக்கும் வருமா?" என்று ஒரு தாய் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

நம் உடம்பின் அணுக்களுக்குள் 46 குரோமோசோம்கள், 23 சோடிகளாக உள்ளன. அணு எப்படி வளர வேண்டும், எப்போது முதிர வேண்டும் என்னும் கட்டளைகள் அவற்றில் அடங்கியிருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் பிறக்கும்போது, எப்போதோ ஓர் அணுவில், 15ஆம் குரோமோசோமும் 17ஆம் குரோமோசோமும் ஒடிந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. இதனை 1977இல் அமெரிக்க மருத்துவர் ஜேனட் ரௌலியும் அவருடன் பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர்.

கட்டளை குழம்பியதும் வெள்ளணு பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகிறது. நாற்றங்காலிலேயே நின்றுவிட்ட ரப்பர்க் கன்று பால் தருமா? முதிராத அணுவும் வேலைக்கு உதவாது. கூட்டம் மட்டும் பெருகும். இந்த வகை நோய்க்கு அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கீமியா என்று பெயர்.

இந்த அணுவை உருப்பெருக்கியில் பார்த்தால், துகள்கள் நிறைந்திருக்கும். சில அணுக்களில் மெல்லிய குச்சிகள் விறகுக்கட்டுப்போல் கிடக்கும். மருத்துவர்களும் இதை விறகுக்கட்டு அணு என்றே அழைக்கிறார்கள். உள்ளே குரோமோசோம் ஒடிந்த செய்தியை, வெளியே அணுவின் தோற்றம் சொல்லிவிடுகிறது!

இதனால் என்ன பயன்? இந்நோயில் மூளையிலும் நுரையீரலிலும் இரத்தம் கசிந்து, சில நாட்களிலேயே உயிர் போகலாம். குரோமோசோம் சோதனையின் முடிவு வர நாளாகும். ஆனால், ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்த அன்றே மருத்துவர் ஐயம் கொண்டு மருந்தைத் தொடங்கலாம். சோதனை பின்னர் அதை உறுதிசெய்யும். எல்லா இரத்தப் புற்றுநோய்களும் இவ்வளவு தெளிவாக முகம் காட்டுவதில்லை.

மருந்தும் உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து செய்த மருந்து, நின்றுபோன அணுவை முதிரச் செய்கிறது. ஷாங்ஹாய் மருத்துவர்கள் 1988இல் இதை அறிவித்தார்கள். மற்றொன்று ஆர்சனிக். ஆம், பாஷாணம்தான்! ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் களைகொல்லியாகத் தெளித்த மருந்தும் இந்த இனமே. தமிழ்நாட்டு வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு இதையே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். 86 விழுக்காட்டினருக்கு நோய் முற்றாகத் தணிந்தது. அளவறிந்து, மருத்துவமனையில் மட்டுமே தரப்படும் மருந்து இது. நாட்டு மருந்தென்று யாரும் தொட்டுவிடக் கூடாது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இந்த ஒடிவு பிறந்தபின் இரத்த அணுவில் நேர்ந்தது. தாய் தந்தையர் கொடுத்ததன்று. தம்பி தங்கைக்குத் தொற்றாது. சம்பந்தம் பேசுவோரும் இதை ஒரு குறையாக எடுக்கலாகாது.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் வாழும் நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டுக்கள், ஈறில் இரத்தம், நிற்காத மூக்கு இரத்தம், உடல் வெளிறல், விடாத காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால், வெற்றிலைக் கறை என்றோ உடம்புச் சூடு என்றோ இருந்துவிடாதீர்கள். அது டெங்கியாகவும் இருக்கலாம்; வேறாகவும் இருக்கலாம். அன்றே கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். ஒருநாள் சம்பளம் போனால் மறுநாள் சம்பாதிக்கலாம்.