பனிக்காலக் காட்டில் எங்கள் அம்மாக்கள்



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் பிறசர், கொலஸ்ரரோல் என்று ஏதாவது சொல்லி விருந்துக்கு முன்னே பசியைக் கெடுத்துவிடுவார் என்று நீங்கள் பயந்திருக்கலாம். அந்தப் பயம் முற்றிலும் வீண் அல்ல. ஆனால் இன்று நாங்கள் கதைக்க வந்தது ஒரு நடையைப் பற்றி. ரொறன்ரோவில் இருக்கும் பழைய மாணவிகள் சிலர் மார்கழி தொடக்கம் பங்குனி வரை சனிக்கிழமைகளில் காட்டுக்குள் நடக்கிறோம், அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு.

ஸ்காபுறோவையும் மார்க்கத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது றூஜ் காடு. றூஜ் ஆறு அதனூடாக ஓடி ஒன்ராறியோ ஏரியில் விழுகிறது. 2015 இல் அதைக் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆக்கினார்கள். பரப்பு ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போன எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். அதன் பக்கத்திலேயே காட்டுப்பாதை தொடங்குவதைக் கவனித்தவர்கள் குறைவு.

நாங்கள் அதிகம் போவது 'மாஸ்ற்' பாதைக்கு. மாஸ்ற் என்றால் பாய்மரம். ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன் கப்பல்களுக்குப் பாய்மரமாக்க நெடிய பைன் மரங்களை வெட்டி இழுத்துச்சென்ற வழி அது. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. இளம்பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் முடிப்பார்கள். எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும், வடைக்கு நிற்கும் நேரத்தைச் சேர்க்காமல்.

ஏன் பனிக்காலத்தில்? கிளினிக்கில் நாங்கள் காணும் அம்மாக்களின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஊரில் கிணற்றில் அள்ளி, கோயிலுக்கும் சந்தைக்கும் நடந்து, விடிய முற்றம் கூட்டித் திரிந்தவர். பேரப்பிள்ளையைப் பார்க்க இங்கே வந்தவர். கார்த்திகையில் கதவைச் சாத்தினால் சித்திரையில்தான் திறப்பார். மகளும் மருமகனும் இருட்டோடு வேலைக்குப் போய்விடுவார்கள். மார்கழியில் பின்னேரம் நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். மிச்சம் தொலைக்காட்சியும் ரெலிபோனும்தான். "வெளியிலை போனால் வழுக்கி விழுந்திடுவியள், உள்ளுக்கை இருங்கோ அம்மா" என்று பிள்ளைகள் சொல்வது அன்பினால்தான். ஆனால் ஐந்து மாதம் கதிரையில் இருப்பவருக்குத் தொடைத் தசை கரைகிறது, சமநிலை குறைகிறது. பிறகு பனியே இல்லாத இடத்தில், குளியலறை வாசலில், கம்பளத்தின் ஓரத்தில் தடக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. எழுபது வயதுக்கு மேல் அந்த முறிவிலிருந்து பழையபடி எழும்பி நடக்காதவர்கள் பலர். வீட்டுக்குள் இருப்பதைப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் எங்களுக்குக் கவலை.

நடந்தால் விற்றமின் டி கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்காது. ரொறன்ரோவின் குளிர்காலச் சூரியனுக்கு அதைத் தோலில் உண்டாக்கும் பலம் போதாது. வெளியே தெரிவதும் மூக்கு மட்டும்தான். ஆகவே வைத்தியர் தந்த குளிசையை நிறுத்தவேண்டாம். நடையால் கிடைப்பது காலுக்குப் பலம், கண்ணுக்குப் பகல் வெளிச்சம், இரவில் நித்திரை, கதைக்க ஆட்கள். கடைசியாகச் சொன்னதற்குக் குளிசை இல்லை.

ஒன்றை இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு நடப்பது பொழுதுபோக்காக இருந்ததில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று மழைக்குள் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். அம்மாக்கள் ஒரு கையில் தம்பி தங்கைமாரையும் மறுகையில் பையையும் பிடித்திருந்தார்கள். பிறகு வன்னிக்குப் போனவர்களுக்குக் காடு என்றால் தறப்பாள், பாம்பு, மலேரியா. அதனால், "காட்டுக்குள்ளை நடக்கப் போவம்" என்று முதன்முதல் கேட்டபோது எங்களில் ஒருத்தியின் தாயார், "நடந்த நடை காணாதே, பிள்ளை?" என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. அடுத்த பனிக்காலம் எங்களுக்கு வடை சுட்டுக் கொடுத்துவிட்டார். பிறகொரு கிழமை வடையோடு தானும் காரில் ஏறினார், இறங்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு. அதற்கடுத்த கிழமை இறங்கினார். முழுப் பாதையும் நடந்து வந்து, "இது திரும்பி வீட்டை போற நடையெல்லோ" என்றார். இப்போது சனிக்கிழமை காலையில் மகளை எழுப்புவது அவர்தான்.

இனி வைத்தியக் கதை. பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஸ்வெற்றர், மேலே காற்றுப் புகாத கோட்டு. சேலையை விட்டுப் பேத்தியின் பனிக்காற்சட்டையைப் போட வெட்கப்பட்ட அம்மாமார் இப்போது அதன் பொக்கற்றில் கச்சான் வைத்திருக்கிறார்கள். சப்பாத்துக்கு மேலே மாட்டும் இரும்பு முட்கள் கட்டாயம். காட்டுப் பாதையில் எவரும் உப்புத் தூவமாட்டார்கள். கையில் ஊன்றுகோல். காற்றையும் சேர்த்துக் கணிக்கும் குளிர் சைபருக்குக் கீழ் 20 பாகையைத் தாண்டினால் அன்று நடை இல்லை. 28 பாகையைத் தாண்டினால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையக்கூடும்.

எங்கள் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு அருமை. கால் விறைத்தவருக்குக் குளிரும் தெரியாது, சப்பாத்துக் கடித்ததும் தெரியாது. ஆகவே வீட்டுக்குப் போனவுடன் காலுறையைக் கழற்றி, பெருவிரலிலிருந்து குதிக்கால் வரை மகள் பார்க்கவேண்டும். அம்மா கூச்சப்படுவார், பரவாயில்லை. விறைத்த காலைச் சுடுதண்ணியில் வைக்கவே கூடாது, ஹீற்றரில் காட்டவும் கூடாது; சூடு தெரியாமலே வெந்துவிடும். இன்சுலினும் சீனி பார்க்கும் கருவியும் கோட்டின் உட்பையில் இருக்கட்டும், முதுகுப்பையில் அல்ல. உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. இனிப்பு எல்லோர் பையிலும் இருக்கும். நெஞ்சுநோ உள்ளவர்கள் முதலில் தங்கள் வைத்தியரைக் கேட்கவேண்டும். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இன்னொன்று, மேடையில் சொல்லக்கூடாததுபோல் இருந்தாலும் சொல்கிறோம்: புறப்படுமுன் கோப்பிக் கடையில் எல்லோரும் சலகூடம் போய்வருவோம். அந்தக் கவலையால்தான் பல அம்மாக்கள் எங்கேயுமே வர மறுக்கிறார்கள் என்பது எங்களுக்கே பிந்தித்தான் விளங்கியது.

கல்விச் சுற்றுலாவில் போலச் சோடி சோடியாக நடப்போம். முன்னுக்கு ஒருத்தி, கடைசியில் ஒருத்தி, நடுவில் எண்ணிக்கொண்டு ஒருத்தி. எண்ணுகிறவள் அந்தநாள் மாணவத் தலைவி, பழக்கம் விடவில்லை.

காட்டில் என்ன இருக்கிறது என்பீர்கள். இலையில்லாத மரங்களை முதலில் கண்ட அம்மா ஒருவர், "எல்லாம் பட்டுப்போச்சோ?" என்று கேட்டார். எங்களோடு வரும் உயிரியல் ஆசிரியை விடுவாரா? கிளையை முறிக்காமல் வளைத்து, மேப்பிளின் கூரான மொட்டைக் காட்டினார். அடுத்த வருடத்து இலை போன கோடையிலேயே உருவாகி உள்ளே மடிந்திருக்கிறது என்று அரை மணித்தியாலம் வகுப்பு. பீச் மரத்தின் இளங்கன்றுகள் மட்டும் காய்ந்த இலையை விடாமல் பிடித்திருக்கும். காற்றுக்கு அவை சரசரக்கும்போது எங்களுக்குப் பனங்காணி ஞாபகம் வரும். கறுப்புத் தொப்பி போட்டதுபோல் ஒரு சின்னக் குருவி, சிக்கடீ, தன் பெயரையே சொல்லிக்கொண்டு கூடவே வரும். அதற்குத் தீனி போடக்கூடாது என்பது பூங்காச் சட்டம். இதை அம்மாக்களுக்கு விளங்கப்படுத்தத்தான் பெரும்பாடு. பனியில் மான் குளம்பும் முயலின் பாய்ச்சலும் அச்சாகப் பதிந்திருக்கும். யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று அம்மாக்கள் துப்புத் துலக்குவார்கள்.

லண்டனில் இருக்கும் தங்கைமாருக்கு எப்பிங் காடு கிட்ட. ஒஸ்லோவில் இருப்பவர்களுக்கு நகரைச் சுற்றிவரக் காடுதான். அங்கே தொடங்க விரும்பினால் எங்கள் அனுபவத்தை எழுதித் தருகிறோம். ரொறன்ரோவுக்கு மார்கழி, தை மாதங்களில் வருகிறவர்கள் சப்பாத்து அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரும்பு முட்கள் மேலதிகமாக நாலு சோடி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் புறப்படுவோம். இஞ்சித் தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.