வெஸ்ட் எண்டும் கன்னிமாராவும்



இந்த ஆண்டின் அறக்கட்டளைப் பொழிவுக்குப் பெங்களூர் ரேஸ் கோர்ஸுக்கு எதிரே இருக்கும் வெஸ்ட் எண்டு ஓட்டலைப் பொருளாக எடுத்துக்கொண்டேன். கடலே இல்லாத ஊர் இது. சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் இந்த ஓட்டலின் கதையைச் சென்னைக் கடற்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் முடிவு.

1809-இல் இங்கே கண்டோன்மெண்ட் அமைந்தது. பட்டாளம் வந்தது, அதிகாரிகள் வந்தார்கள். ஆனால் ஊர் சுற்றுபவர்களும் வெயிலுக்கு ஒதுங்குபவர்களும் பெருவாரியாக வர ஒரு வழி வேண்டியிருந்தது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மெண்ட் வரை ரயில் ஓடியது. சென்னையில் கப்பலிலிருந்து இறங்கியவர், சித்திரை வெயில் தாங்காத துரைமார், உடல்நலம் தேறக் குளிர்ந்த இடம் தேடியவர் எல்லோருக்கும் அன்று திறந்த கதவு அது. வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டுமல்லவா? 1887-இல் பிரான்சன் என்ற சீமாட்டி பத்து அறைகளோடு ஒரு தங்கும் விடுதி நடத்தத் தொடங்கினார். அதுவே வெஸ்ட் எண்டு.

அதே காலத்தில் சென்னையில் என்ன நடந்தது? 1854-இல் இம்பீரியல் என்ற பெயரில் எழுந்த ஓட்டல் 1886-இல் ஆல்பனி ஆயிற்று. 1890-இல் ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயரைச் சூடிக்கொண்டது. எழும்பூர் நூலகத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே. அடுத்த ஆண்டு ஸ்பென்சர் நிறுவனத்தின் யூஜீன் ஓக்ஷாட் அதை வாங்கினார். 1912-இல் வெஸ்ட் எண்டும் ஸ்பென்சர் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மவுண்ட் ரோட்டில் கடை நடத்திய ஸ்பென்சர், ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளையும் நடத்தியது. ஒரு பயணி சென்னையில் கன்னிமாராவில் தங்கி, வழியில் ஸ்பென்சர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பெங்களூரில் வெஸ்ட் எண்டில் இறங்கலாம். பயணம் முழுவதையும் ஒரே நிறுவனம் தாங்கிப் பிடித்திருக்கிறது. இரண்டு ஓட்டல்களையும் தனித்தனி ஊர்ப் பெருமைகளாக எழுதும் புத்தகங்கள் இந்தத் தொடர்பைத் தவறவிடுகின்றன. பின்னாளில், 1980-களில், இரண்டும் தாஜ் குழுமத்திடம் போய்ச் சேர்ந்ததும் அந்தத் தொடர்ச்சிதான்.

கட்டடம் பற்றியும் சொல்ல நிறைய உண்டு. சென்னை கன்னிமாராவுக்கு இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் புது உருவம் தந்தார். வெஸ்ட் எண்டோ சுமார் 20 ஏக்கர் மரச்செறிவுக்குள் இன்றும் தாழ்ந்த கட்டடங்களாகவே பரந்து கிடக்கிறது. நிலத்தின் விலை வானைத் தொட்ட இந்த நகரத்தில் அந்த மரங்கள் நின்றதை நான் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

ஆனால் என் மனம் போவது வேறு இடத்துக்கு. பட்டாளத்தின் பின்னால் ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். அல்சூர், மர்பி டவுன், சிவாஜிநகர் வீதிகள் அவர்களால் நிறைந்தன. பெங்களூரின் அரசுக் கட்டடமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் பெயரில் பள்ளிகளும் இருக்கின்றன. துரைவீட்டு அடுப்பில் நின்ற சமையற்காரர், பட்லர், தோட்டக்காரர், வண்ணார் பெயர்கள் நிலைக்கவில்லை. ஓட்டல் வரலாறுகள் தங்கியவர்களின் பட்டியலாகவே இருக்கின்றன. பரிமாறியவர்களின் வரலாறு எழுதப்படாமல் கிடக்கிறது.

வேலையைவிட்டுப் போகும்போது துரைமார் எழுதித்தந்த நற்சான்றுச் சீட்டுகளை அந்த நாளில் பட்லர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். அடுத்த வேலைக்கு அதுவே துணை. உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் அத்தகைய சீட்டு ஒன்று இருந்தால், மங்கிப்போன குழுப் படம் இருந்தால், தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். படியெடுத்து, அவர் பெயர், ஊர், செய்த வேலை மூன்றையும் பின்புறம் எழுதி வையுங்கள். அல்லது ஒரு தமிழ்ச் சங்க நூலகத்தில் கொடுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதமே உட்கார்ந்து கேளுங்கள்.