சம்பளத்தோடு ஒரு நர்ஸ் பட்டம்



இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளியைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டி, கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துப் போய், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்து வைக்கிறவர்கள் பராமரிப்பு உதவியாளர்கள். பத்து, பதினைந்து வருடம் இந்த வேலையிலேயே ஊறிப்போனவர்கள் அவர்களில் உண்டு. படுத்திருப்பவரின் முகத்தைப் பார்த்தே, "நேற்றுப் போல இல்லை, இவருக்கு ஏதோ சரியில்லை" என்று நர்ஸிடம் போய்ச் சொல்லத் தெரிந்தவர்கள். ஆனாலும் நர்ஸ் ஆகாமலே பலர் ஓய்வு பெற்றுப் போனார்கள். அவர்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. மூன்று வருடம் வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் போக வீட்டு வாடகையும் பிள்ளைகளின் செலவும் இடம் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர்களுக்காக 2017ஆம் ஆண்டு அங்கே ஒரு வழி திறந்தது. வேலையில் இருந்தபடியே, சம்பளம் வாங்கியபடியே, பட்டம் படித்து, பதிவு பெற்ற நர்ஸ் ஆகும் வழி. பட்டப்படிப்போடு கூடிய அப்ரெண்டிஸ் பயிற்சி என்று இதைச் சொல்லலாம். அது எப்படி நடக்கிறது, எதனால் அது நல்லது, எந்த இடத்தில் அது தவறிப் போகக்கூடும் என்று இன்று உங்களோடு பேசுகிறேன்.

முதலில் அந்த 2017ஐப் பற்றி ஒரு வார்த்தை. அதுவரை இங்கிலாந்தில் நர்ஸிங் படிக்கும் மாணவர்களுக்குக் கட்டணத்தை அரசே செலுத்தியது. கைச்செலவுக்கு உதவித்தொகையும் உண்டு. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது நின்றுபோனது. ஆண்டுக்கு 9,250 பவுண்டு வரை கட்டணம், அதைக் கடனாகப் பெற்றுக் கட்ட வேண்டும் என்றாயிற்று. விண்ணப்பங்கள் சரிந்தன. வயதில் மூத்தவர்களிடையே சரிவு இன்னும் அதிகம். 2020 செப்டம்பரிலிருந்து மாணவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 5,000 பவுண்டு, திருப்பித் தர வேண்டாத உதவியாகக் கிடைக்கிறது. ஆனால் கல்விக் கட்டணம் மாணவர் தலையில்தான் இருக்கிறது. குடும்பப் பொறுப்பில் இருக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு அந்தக் கடன் சிறிய சுமை இல்லை.

அப்ரெண்டிஸாகச் சேர்கிறவருக்கு அந்தச் சுமை கிடையாது. அவர் மருத்துவமனையின் ஊழியர். படிப்புக்கான கட்டணம் அரசின் பயிற்சி நிதியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்ற முறை 2017 ஏப்ரலில் வந்தது. அந்தப் பணமே பயிற்சிக்கு உதவுகிறது. படிப்புச் செலவில் ஒரு காசைக்கூட அப்ரெண்டிஸிடம் கேட்க விதி அனுமதிப்பதில்லை.

படிப்பு வழக்கமாக நான்கு ஆண்டு. அதற்கு முன்னே ஒரு படியும் உண்டு. உதவியாளருக்கும் நர்ஸுக்கும் நடுவில் 'நர்ஸிங் அசோசியேட்' என்ற பணி இருக்கிறது. இரண்டு ஆண்டுப் படிப்பு முடித்து அந்தப் பணிக்கு வந்தவர்களை 2019 முதல் நர்ஸ்களுக்கான கவுன்சிலே பதிவு செய்கிறது. அவர்கள் ஏற்கெனவே படித்தது கணக்கில் சேர்வதால், சுமார் இரண்டு ஆண்டுகளில் நர்ஸ் பட்டத்தை முடித்துவிடலாம். ஒரே தாவலில் ஏற முடியாதவர் இரண்டு படியாக ஏற இது வசதி.

வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் படிப்பு என்றால் தரம் கொஞ்சம் குறைவுதானே என்று சிலர் நினைக்கக்கூடும். அது சரியல்ல. பிரிட்டனில் நர்ஸாக வேலை செய்ய வேண்டுமானால் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு முழுநேர மாணவருக்கும் அப்ரெண்டிஸுக்கும் ஒரே அளவுகோல்தான். மொத்தம் 4,600 மணி நேரம். அதில் 2,300 மணி நேரம் பாடம், 2,300 மணி நேரம் செய்முறை. பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்ற நான்கு பிரிவுகளில் ஒன்றையாவது எடுக்க வேண்டும். மருந்தின் அளவைக் கணக்கிடும் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி. தொண்ணூற்றொன்பது போதாது. மருந்தின் அளவில் ஒரு புள்ளி இடம் மாறினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

பத்து வருடம் வார்டில் நின்றவருக்குப் பாடம் எதற்கு என்றும் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நோயாளியின் நிலையை மதிப்பிட 'நியூஸ் 2' என்ற மதிப்பெண் முறை 2017 முதல் இருக்கிறது. மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஆறையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் ஐந்தைத் தொட்டால் உடனே கவனிக்க வேண்டும். ஏழைத் தொட்டால் அவசர நிலை. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை பூஜ்யம். 21 ஆனால் இரண்டு மதிப்பெண். 25 ஆகிவிட்டால் மூன்று.

உதவியாளர் இந்த எண்களைப் பிசகாமல் எடுத்து எழுதுவார். எண் உயர்ந்தால் நர்ஸைக் கூப்பிடுவார். வந்து நிற்கும் நர்ஸுக்கு வேறு கேள்விகள் வேண்டும். மூச்சு ஏன் வேகமானது? நுரையீரலில் தொற்றா, ரத்தத்தில் நஞ்சேறுகிறதா, இதயம் களைக்கிறதா, வலியா, பயமா? காலையில் கொடுத்த மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? டாக்டர் வரும்வரை என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது? அந்தத் தீர்ப்பைச் சொல்லும் பொறுப்பு நர்ஸுடையது. உடலியங்கியலும் மருந்தியலும் படிக்காமல் அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. அனுபவம் சந்தேகத்தைக் கிளப்பும். படிப்பு அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் தேடித் தரும். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்தால் நோயாளிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

படிப்பு நோயாளியைக் காக்கும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில், ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை வைத்து லிண்டா ஏய்கென் குழுவினர் செய்த ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றியது அது. பட்டம் பெற்ற நர்ஸ்கள் 10 சதவீதம் கூடுதலாக இருந்த இடங்களில், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. 2013 முதல் இங்கிலாந்தில் புதிதாக நர்ஸிங் சேர்கிற எல்லோருக்கும் பட்டப்படிப்பே என்று ஆனது. அது வெறும் அலங்காரத்துக்காக வந்த விதி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அன்பான நேயர்களே, இப்போது வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பயிற்சிப் பெண்கள் மருத்துவமனையிலேயே தங்கி, அங்கேயே வேலை செய்து, அங்கேயே கற்றார்கள். ஏறத்தாழ நூற்றிருபது, நூற்று முப்பது ஆண்டுகள் அந்த நாட்டு நர்ஸ்கள் இப்படித்தான் உருவானார்கள். அந்த முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. மாணவியை மாணவியாக வைத்துக்கொள்ள வார்டுக்கு நேரமில்லை. ஆள் குறைந்தால் அவள்தான் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பாடம் பிறகு, வேலை முதலில். 1986இல் முன்வைக்கப்பட்ட 'புராஜெக்ட் 2000' என்ற திட்டம் இதை மாற்றியது. படிப்பு உயர்கல்வி நிலையங்களுக்குப் போனது. மாணவர்களை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற கொள்கை வந்தது.

இன்றைய அப்ரெண்டிஸுக்கும் அதே விதி பொருந்தும். செய்முறைப் பயிற்சி நேரத்தில் அவர் கற்க வந்தவர். ஆள் கணக்கில் அவரைச் சேர்க்கக் கூடாது. ஆனால் அந்த வார்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நேற்றுவரை படுக்கை விரித்தவர், இன்று கற்க வந்திருக்கிறார். ஆள் பற்றாத ஒரு காலையில், "இன்றைக்கு மட்டும் கொஞ்சம் கைகொடு" என்று கேட்டால் எப்படி மறுப்பார்? கேட்பவரும் கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். ஆனால் அந்த "இன்றைக்கு மட்டும்" வாரத்துக்கு இரண்டு முறை வந்தால், 1860இல் தொடங்கிய அந்தப் பழைய குறை புதுப் பெயரில் திரும்ப வந்துவிடும்.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 4,600 மணி நேரத்தை நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,150 மணி. வாரம் 37.5 மணி நேர வேலை என்று கொண்டால், 30 வாரத்துக்கு மேல் அவர் படிப்பில் இருக்கிறார். அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு. அவருடைய இடத்தில் இன்னொருவரை வைக்கவும் செலவு உண்டு. பயிற்சி வரிப் பணத்தைச் சம்பளத்துக்குப் பயன்படுத்த முடியாது. பல மருத்துவமனைகள் தயங்கியது இதனால்தான். நாடாளுமன்றக் கல்விக் குழுவே 2018இல் இந்தப் பயிற்சியைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை தந்தது. 2020இல் அரசு ஓர் அப்ரெண்டிஸுக்கு ஆண்டுக்கு 8,300 பவுண்டு என்று மருத்துவமனைகளுக்கு உதவி அறிவித்தது. 2023 ஜூனில் வந்த நீண்டகாலப் பணியாளர் திட்டம், மருத்துவத் துறைப் பயிற்சிகளில் 7 சதவீதமாக இருந்த அப்ரெண்டிஸ் வழியை 2031-32க்குள் 22 சதவீதமாக உயர்த்துவோம் என்றது. இலக்கு நல்லது. ஒருவர் வகுப்புக்குப் போன நாளில் அவர் இடத்தில் நிற்கும் ஆளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கினால்தான் அந்த இலக்குக்குப் பொருள் உண்டு.

லண்டனிலும் மற்ற நகரங்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் மருத்துவமனை உதவியாளர்களாக, முதியோர் இல்லப் பணியாளர்களாக இருக்கும் சகோதரிகள் உண்டு. அவர்களுக்குச் சில வார்த்தை. இந்தப் பயிற்சிக்கு முதலில் வேண்டியது ஒரு வேலை வழங்குநர். ஆகவே நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் கல்விப் பிரிவில் கேளுங்கள். கணிதத்திலும் ஆங்கிலத்திலும் உரிய தகுதி வேண்டும். அது இல்லையென்றால் அதையே முதலில் முடியுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் குடியிருப்பு விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஏற்கெனவே நர்ஸாகத் தேறிவிட்டு அங்கே உதவியாளராக இருப்பவர்கள் நான்கு வருடம் மறுபடி படிக்கத் தேவையில்லை. ஆங்கிலத் தகுதியைக் காட்டி, கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதிக் கவுன்சிலின் பதிவைப் பெறும் வழி உங்களுக்கு இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். படிக்கும் காலத்தில் என் சம்பளம் எவ்வளவு? படிப்பு முடிந்தபின் நர்ஸ் பதவி நிச்சயமா? கற்கும் நேரத்தில் என்னை வேலைக்கு இழுத்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் பதிலாகக் கிடைத்தால், அது நல்ல இடம்.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் ஏற்கெனவே நோயாளியை நேசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்க நேரம் கொடுங்கள். கொடுத்த நேரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். நல்ல நர்ஸ்கள் உங்கள் வார்டிலிருந்தே வருவார்கள்.