பசித்தவனுக்குப் பாடம் ஏறுமா?

நடுவர் அவர்களே! மொரப்பூர்ப் பெருமக்களே!

"மனிதனை உயர்த்துவது கல்வியே" என்று முழங்கிவிட்டுப் போயிருக்கிறார் எதிரணி நண்பர். நல்லாத்தான் பேசினாரு. நானும் வாத்தியார்தான், கல்வியைக் குறை சொன்னா என் பொழப்பு என்னாகும்? (சிரிப்பு)

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்க ஊர்ல ரயில் ஏறினா சில மணி நேரத்துல பெங்களூரு. அங்கே ஆசார்ய புத்தரக்கித என்றொரு பௌத்தத் துறவி வாழ்ந்தார். மணிப்பூரில் 1922இல் பிறந்தவர். 1956இல் பெங்களூரில் மகாபோதி சங்கத்தை நிறுவியவர். தம்மபதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த பேரறிஞர். போதித்தது போதும்னு உட்கார்ந்தாரா? இல்லையே! ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி வைத்தார். விக்டோரியா மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைக்கென்றே ஒரு மையம் அமையச் செய்தார்.

வெந்த உடம்போடு துடிக்கிறவகிட்ட போய் 'நிலையாமை'ன்னு பாடம் எடுக்க முடியுமாய்யா? முதலில் மருந்து, அப்புறம்தான் தத்துவம்! (கைதட்டல்)

2013இல் மறைந்த அந்தத் துறவிக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யார்? புத்தரேதான். ஆளவி நகரில் ஊரே உபதேசம் கேட்கக் காத்திருந்தது. தொலைந்த மாட்டைத் தேடி அலைந்த ஏழை ஒருவன் பசியோடு வந்து சேர்ந்தான். அவனுக்குச் சோறு போடச் சொன்னார் புத்தர். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்!

இது அதியமானின் தகடூர் மண். நெல்லிக்கனியின் பெருமையைச் சொல்லிவிட்டா ஔவைக்குக் கொடுத்தான்? சொல்லாமல் கொடுத்தான்!

கல்வி வாய் என்றால், தொண்டு கை. நீளுகிற கைதான் மனிதனைத் தூக்கிவிடும். நடுவர் அவர்களே, தீர்ப்பைத் தொண்டுக்கே தாருங்கள்.